மாப்பிள்ளை நாயின் பூர்வீகம்

கல்முனைப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் சந்தேகப் பிராணியாகாமல் தப்ப முடியாது. மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்து குடியிருக்கப் போகிறவன். வீட்டையும் பெண்ணையும் ஒருசேர அவன் கையில் கொடுக்கிறோம். அதனால் அவன் வாப்பா யார், மூத்தப்பா யார், குடும்பத்தில் என்ன குணம் என்று துருவித் துருவி விசாரிப்போம். மூத்த பெண்கள் மூவருக்கு நான் அப்படி விசாரித்திருக்கிறேன். நாய்க்கும் அதே வழியில்தான் போனேன்.

எங்கள் நாய் வெள்ளை, சடைமயிர், பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. கோழிக்கூட்டுக்குக் காவல் என்று சொல்லித்தான் கொண்டுவந்தேன். வளவோடு நிற்க வேண்டும், வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது மனைவியின் சட்டம். கடைசி மகளுக்கோ அது உயிர். அதற்குக் குட்டி வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள்.

எனக்குப் பயம். அடுத்த தெருவில் இதே அளவு நாய் ஒன்று, குட்டி போடும்போது பெரிய குட்டி வழியில் சிக்கிச் செத்துப்போனது. அதன் ஓலம் எங்கள் வளவு வரை கேட்டது. மிருக வைத்தியரிடம் போனேன். “நாய்ர அளவ மட்டும் பாத்தாப் போதாது, அதப் பெத்ததுகளையும் பாருங்க. தாய் தகப்பன்ட அளவு குட்டியில திரும்பி வரும்” என்றார். மாப்பிள்ளையைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

காரைதீவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சின்னக் கடுவன் நாய் இருந்தது. பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, பட்டினி போட்டு வளர்த்திருப்பாரோ? அதன் தாய் எப்படி என்று கேட்டேன். தொலைபேசியில் படம் காட்டினார். பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் பக்கத்தில் நின்றது. முதுகு இருக்கை மட்டத்துக்கு வந்தது.

“பெரிய நாயா இரிக்கே, சேர்?”

“அது சின்னப் பிள்ளையள்ர கதிரை, காக்கா” என்றார், என்னை அண்ணன் முறை வைத்து.

கதிரையைக் காட்டச் சொன்னேன். மனுஷன் முகம் சுளிக்காமல் உள்ளே போய் எடுத்துவந்தார். உண்மையிலேயே பிள்ளைகளின் கதிரைதான். படத்தில் இருந்தது இதே கதிரைதானா என்று அதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தகப்பன் நாய் அக்கரைப்பற்றில் இருக்கிறது என்றார். அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்த கையோடு அங்கேயும் போய்ப் பார்த்தேன். அதுவும் சின்னதுதான். நான் கண்ணால் பார்த்தாலும் மனம் ஏற்கவில்லை. சொல்லிவைத்து வேறு நாயைக் காட்டுகிறார்களோ?

மறுபடியும் காரைதீவுக்குப் போய் இன்னொரு கேள்வி கேட்டபோது ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது.

“எல்லாம் சரி காக்கா. உங்கட பெட்டைர தாயை நீங்க பாத்தீங்களா?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெண் வீட்டாரைப் பார்த்து இப்படியும் கேட்பார்களா? மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் கோபம் இறங்கிவிட்டது. நான் பார்க்கவில்லை. அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே சவளக்கடைக்கு விட்டேன். நாயைத் தந்த கூட்டாளி அங்கேதான் வயல் செய்கிறான். அவன் விசிலடித்ததும் வரம்பு வழியே சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு செம்மறை நாய் ஓடிவந்து நின்றது. என் முழங்காலுக்கு மேல் உயரம்.

“இதுதான் தாய். கூடப் பொறந்ததெல்லாம் இதப் போலதான் வளந்திச்சி, மச்சான். உன்ட குட்டி கடைசி. பால் கிடைக்காம சுருங்கிப் போச்சி. சாகும் எண்டு நினைச்சித்தான் உனக்குத் தந்த.”

ஊர் ஊராய்ப் போய் ஆண் நாய்களைச் சந்தேகப்பட்டேன். பெரிய குட்டியோ என் வீட்டு நாயின் இரத்தத்திலேயே இருந்திருக்கிறது. வளவுக்குள் நுழைந்ததும் அது வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. அந்தச் சின்ன வயிற்றைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. குட்டி இல்லையென்றதும் மகள் சோறு தின்னாமல் படுத்துவிட்டாள். பரவாயில்லை, நாய் உயிரோடு இருக்கும்.

காரைதீவுக்குப் பேசி, வேண்டாம் என்றேன்.

“இன்னும் என்ன சந்தேகம், காக்கா? என்ட நாய்ல என்ன குறை?”

“உங்கட நாய்ல ஒரு குறையும் இல்ல, சேர். குறை எங்கட பொண்ணு பக்கம்.”

மூன்று பெண்களுக்குக் கலியாணம் பேசிய என் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை அதுவரை வந்ததேயில்லை.