கைக்காசுக் கொழுந்து

என்னோடு தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். எனக்கு இருபத்தேழு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்து ஏழு வருடம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அரசாங்கப் பயிற்சிக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள், நாடற்றவர்களான எங்களிடம் ஏது? டவுனிலிருந்த மிஷன் ஆஸ்பத்திரி பத்திரம் கேட்கவில்லை, தவணைக்குத் தவணை கட்டணம் கேட்டது. யாரிடமும் கையேந்தாமல் நானே கட்டுவேன் என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

என் சேமிப்பு இரண்டு தவணைக்குத்தான் வந்தது. அதன் பிறகு, ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் எங்கள் தோட்டமிருக்கும் கொட்டகலைக்குப் போய், அம்மாவின் கூடையை வாங்கிக்கொண்டு கைக்காசுக்குக் கொழுந்தெடுத்தேன். எடுத்த இறாத்தலுக்கு அன்றைக்கே காசு.

"நர்ஸம்மா வந்திருச்சி! தேயிலைக்கு ஊசி போடவா?" என்பார் கங்காணி.

"மொதல்ல ஒங்க வாய்க்குப் போடட்டும்ங்க," என்பாள், எனக்குத் தேநீர் கொண்டுவரும் அம்மா.

கொழுந்துக் கறை சோப்புக்குப் போகாது. மாலையில் விடுதிக் குழாயடியில் தேசிக்காய்ச் சாறும் சாம்பலும் வைத்து விரல்களைத் தேய்ப்பேன். கறை போனது, தோலும் சேர்ந்து போனது. ஒரு திங்கட்கிழமை காலை, புண்ணுக்குக் கட்டுப் போடும்போது என் விரல் வெடிப்பிலிருந்து இரத்தம் கசிந்ததை வார்டுப் பொறுப்பிலிருந்த யாழ்ப்பாணத்துச் சிஸ்டர் கண்டுவிட்டார்.

"இதென்ன கை பிள்ளை? இந்தக் கையோட நோயாளியைத் தொடலாமோ?"

நான் விரல்களை மடக்கிக்கொண்டேன்.

"ஒரு கிழமைக்கு வார்டுக்கு வர வேண்டாம். இன்னொருக்கா இப்பிடிக் கண்டால் பேரை வெட்டிப்போடுவன்."

அடுத்த ஞாயிறு அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ படு. நா போறேன்."

"நீங்க ஆறு நாளும் மலையிலதானேம்மா நிக்கிறீங்க?"

"ஏழாவது நாளு மட்டும் காலு என்ன தனியாவா வலிக்கப் போவுது? படுடி."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். மாதக்கணக்காக ஞாயிறுகூட ஓயாத கால்கள் கம்பளிக்குள் போய்விட்டன. அம்மா படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கினாள். அவள் திரும்பி வரும்வரை தூங்கினேன். அதற்கடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே தூங்கினேன். கை ஆறியது.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அம்மாவின் கைக்காசில் சேர்ந்த கட்டணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, கட்டுபவர் பெயர் என்ன என்று கேட்டார்.

என் பெயரைச் சொன்னேன்.