சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

வீட்டுமனை போடுகிற கம்பெனியிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு சுடுகாட்டுப் படங்களை எல்லாம் அழித்துவிட்டாள் என்கிறார்களே, அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவராவது கலாதேவியின் கால் சிலிப்பரைப் பார்த்ததுண்டா? வார் அறுந்த இடத்தில் ஊக்கைக் குத்தி மாட்டிக்கொண்டு நடந்தவள் அவள். வாங்கியவள் என்றால் முதலில் ஒரு ஜோடி சிலிப்பர் வாங்கியிருக்க மாட்டாளா? ஈப்போ பக்கம் புந்தோங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் இருளாயிக்கு இதெல்லாம் யோசிக்க நேரமில்லை. மஞ்சள் தூளை மடித்துக் கொடுக்கும்போதே இந்தக் கதையையும் சேர்த்து மடித்துக் கொடுத்துவிடுகிறாள். தைப்பிங்கில் யாரோ ஒருவன் இருக்கிறானாம் என்று அதற்கு ஒரு வால் வேறு. தைப்பிங்குக்கு அவள் போனது உண்மைதான். ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், போனாள், மழையில் மாட்டிக்கொண்டு மறுநாள்தான் தொப்பலாக நனைந்து திரும்பினாள். அவள் தைப்பிங்கில் கண்டது அந்த மழைதான்.

நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

கலாதேவி செமோருக்கு அந்தப் பக்கம், மூங்கில் தோட்டம் என்ற ரப்பர் தோட்டத்தின் கூலி வீட்டு லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினவர்கள். தோட்டம் கை மாறி, ரப்பர் போய், சனங்கள் மூலைக்கொருவராகச் சிதறியபோது இந்தக் குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. வந்த கொஞ்ச காலத்தில் அப்பா போனார், பின்னாலேயே அம்மாவும் போனாள். இருவரையும் தோட்டத்துச் சுடுகாட்டில்தான் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பெயர்தான் சுடுகாடு, அங்கே எரிக்கிற வழக்கம் இல்லை. அண்ணன் தர்மேந்திரன் படிப்பை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குப் போய், கையெல்லாம் கரியாக்கிக்கொண்டு தங்கச்சியைப் படிக்க வைத்தான். அவளும் கம்ப்யூட்டர் படித்து முடித்தாள். பிறகு அவன் சொந்தமாக ஒரு கடை வீட்டில் பட்டறை போட்டான். பின்கட்டில் அவனும் அவன் பெண்சாதி புனிதாவும், மாடியில் முன்னறை கலாதேவிக்கு.

அந்த முன்னறையில்தான் அவள் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஓடியது. பூக்கடை, சமையல்காரர், கல்யாண மண்டபம் என்று இப்போது எல்லோருக்கும் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கங்களெல்லாம் குடியிருந்தது அவள் பெட்டிக்குள். எந்த ஊரில் யார் கைப்பேசியில் தட்டினாலும் இங்கிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். அதனால் அது தூங்கக்கூடாது. "அண்ணே, கீழ எதை வேணா அணைங்க. மேல அந்தப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைச்சிராதீங்க" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். தர்மேந்திரன் அதைச் சாமிக்குக் கொடுத்த வாக்கு போலக் காத்தான். கரண்டு வேலை நடக்கப்போகிறது என்று தெரிந்தால் எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரை இரவல் வாங்கி வந்து, பட்டறை வேலையைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

வீட்டுமனை போட வாங்கின கம்பெனி தோட்டத்துச் சுடுகாட்டையும் சமப்படுத்தப் போகிறது என்று செய்தி வந்தபோது, பழைய தோட்டத்தார் சங்கம் அங்கே இங்கே மனுப் போட்டுப் பார்த்தது. நடக்கவில்லை. சங்கத் தலைவர் கார்த்திகேசு, தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மகன், படமாவது எடுத்து வைப்போம் என்றார். கலாதேவி கேமராவோடு போனாள். அந்தக் காலத்தில் அங்கே குழி வெட்டிய ராமையா கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்து, இது இன்னார், இது இன்னாருடைய பிள்ளை என்று மேடுமேடாகக் காட்டினார். செம்பருத்தி நட்டது, சிமெண்டு பூசியது, ஒரு கல்லை மட்டும் வைத்துவிட்டுப் போனது, எல்லாவற்றையும் எடுத்தாள். அப்பா அம்மா மேட்டுக்கு வந்தபோது கேமராவை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். அவன் எடுத்த படம் கோணல்தான். அதைக் கோணலாகவே மற்றவற்றோடு சேர்த்து வைத்தாள்.

புல்டோசர் வந்து போனது. ராமையாவும் அதற்கடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். இனி இன்ன மேடு இன்னாருடையது என்று சொல்ல ஆளும் இல்லை, மேடும் இல்லை. கலாதேவி இன்டர்நெட்டில் ஒரு பக்கமாகப் போட்டு வைத்த அந்தப் படங்கள் மட்டும்தான்.

தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படைப்பது வழக்கமல்லவா. முன்பெல்லாம் சுடுகாட்டுக்கே போய், புல் வெட்டி, அவர்களுக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிட்டு வருவார்கள். இப்போது வீட்டிலேயே இலை போட்டு, தண்ணீர் டம்ளரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, கலாதேவியின் பக்கத்தைத் திறந்து அந்த மேட்டுக்குச் சூடம் காட்டினார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஜொகூரில் இருக்கிற மகனும் சிங்கப்பூரில் இருக்கிற மகளும் ஒரே நேரத்தில் ஒரே குழியைக் கும்பிட்டார்களே, அதற்கு வழி செய்தவள் அவள்.

கடைப் பக்கங்கள் பெருகிப் பெட்டி நிறைந்துபோனதால், சுடுகாட்டுப் படங்களை உள்ளங்கை அகல டிஸ்க் ஒன்றுக்கு மாற்றி, வயர் போட்டுப் பெட்டியோடு இணைத்திருந்தாள். ஒரு நாள் எதிர்க் கடையில் இடி இறங்கி டிவி கருகிப்போனது. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கே இருப்பதற்கு வேறெங்காவது ஒரு நகல் இருக்க வேண்டும் என்று, கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டர் கிடங்கில் இடம் வாடகைக்குப் பிடித்தாள். இங்கிருந்து லைன் வழியாகவே அங்கே போய்ச் சேரும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு, புனிதா விளக்கேற்றுகிற நேரத்துக்கு, பெட்டி தானாகவே புதிதாக வந்ததை எல்லாம் அங்கே அனுப்பும்படி வைத்தாள். முதல் தடவை எல்லாம் போய்ச் சேர நாள்கணக்கில் ஆனது. தர்மேந்திரன் படியேறி வந்து எட்டிப் பார்த்து, அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சா என்று கேட்பான். இன்னும் வழியில இருக்காங்கண்ணே என்பாள் அவள்.

அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. செல்லாயி விஷயம்தான் குறுக்கே வந்தது. அதே தோட்டத்துச் செல்லாயியின் செத்துப்போன மகனுடைய குழிப் படத்தில் அவன் பெண்சாதி மண்ணில் விழுந்து அழுவது பதிந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமானதும், படத்தை எடுத்துவிடச் சொன்னார்கள், கலாதேவி எடுத்துவிட்டாள். கொஞ்ச காலம் கழித்து டிஸ்க் கோளாறாகி, புதியது வாங்கித் தூரத்து நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப இறக்கினபோது அந்தப் படமும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. புது மாமியார் வீட்டில் யாரோ பார்த்துவிட்டார்கள். செல்லாயி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"அழிச்சா அழிஞ்சதா இருக்கணும்லா கலா. திரும்பித் திரும்பி வந்துக்கிட்டே இருந்தா அந்தப் பொண்ணு எப்படிம்மா பொழைக்கும்?"

நியாயமான பேச்சு. கலாதேவி அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றினாள். இங்கே இருப்பது அங்கேயும் இருக்கும், இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக்கூடாது. பழைய நகல் எதையும் கிடங்கு சேர்த்து வைக்கக்கூடாது. இப்படி வைப்பதில் ஆபத்து உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஒரேயடியாக எல்லாமே காணாமல் போனால் அங்கேயும் அழித்துவிடாமல் நின்று கேட்கும்படி ஒரு தடுப்பு வைக்க வேண்டும். நாளைக்கு வைக்கலாம், இந்த வேலை முடியட்டும், பிறகு வைக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அவள் செய்த தப்பு அந்த ஒன்றுதான், அதை அவளே சபையில் சொன்னாள்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத்தான் அவள் தைப்பிங் போயிருந்தாள். தர்மேந்திரன் பட்டறையைக் கழுவிவிட்டு, ஸ்பேனர், சுத்தியல், காற்றடிக்கிற பம்பு என்று எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிச் சந்தனம் வைத்தான். வைத்து முடித்து நிமிர்ந்தபோது தங்கச்சி ஞாபகம் வந்தது. அவளும் தொழில்காரிதானே, அவள் ஆயுதம் மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்? மாடிக்குப் போனான். பெட்டியை அணைக்கக்கூடாது. சரி, தொடவில்லை. பக்கத்தில் கைக்கு அடக்கமாக டிஸ்க் இருந்தது. வயரை மட்டும் கழற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து பம்புக்கும் ஸ்பேனர் பெட்டிக்கும் நடுவில் வைத்தான். சந்தனம், குங்குமம், ஒரு ரோசாப்பூ. மாவிலையால் மஞ்சள் தண்ணீரை எல்லாவற்றின் மேலும் தாராளமாகத் தெளித்தான். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை எடுப்பதில்லை, அவனும் எடுக்கவில்லை.

ஏழு மணிக்குப் பெட்டி வழக்கம்போல நகல் வேலையைத் தொடங்கியது. டிஸ்க் இருந்த இடத்தைப் பார்த்தது. ஒன்றுமில்லை. இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக்கூடாது என்பதுதானே அதற்குச் சொல்லியிருந்தது. கடலுக்கு அப்பால் இருந்த சுடுகாட்டையும் துடைத்துச் சமப்படுத்திவிட்டது.

காலையில் தர்மேந்திரன் டிஸ்க்கைச் சட்டை முனையால் துடைத்து, மறக்காமல் பழையபடியே வயரைச் செருகினான். உள்ளே ஈரம். கரகரவென்று சத்தம் கேட்டதாம், புதுச் சாமான் என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டானாம்.

மத்தியானம் கலாதேவி வந்து பார்த்தபோது டிஸ்க்கின் நெற்றியில் பொட்டு காய்ந்துபோயிருந்தது.

"அண்ணே, இதை யாரு எடுத்தது?"

"நான்தாம்மா. ஒன் சாமானும் பூஜைல இருக்கட்டும்னு. பெட்டியை அணைக்கலலா, நீ சொன்ன மாதிரியே. வயரை மட்டும்தான் கழட்டினேன்."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். தூரத்துக் கிடங்கைத் திறந்து பார்த்தாள். காலி. எழுதிக் கேட்டாள். பழையது எதையும் வைக்க வேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று பதில் வந்தது. டிஸ்க்கை ஈப்போவில் ரிப்பேர் பார்க்கும் சீனரிடம் கொண்டுபோனாள். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, ஈரத்தோடு ஓடினதில் உள்ளே தட்டு முழுக்கக் கீறிவிட்டது என்றார். குங்குமத்தைத் தொட்டுக் காட்டி, இது என்ன மருந்து என்று கேட்டார். அவள் டிஸ்க்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

விஷயம் புரிந்தபோது தர்மேந்திரன் பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சங்கத்தில் நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றான். அவள் கேட்டுச் சொன்னதல்ல, அவனாகச் சொன்னது. அதை நம்பித்தான் அவள் கோயில் மண்டபத்தில் நடந்த சங்கக் கூட்டத்துக்குப் போனாள்.

கார்த்திகேசு மரியாதையாகத்தான் கேட்டார். கலாதேவி எழுந்தாள். "தூரத்துல வச்ச நகல்ல தடுப்பு வைக்காம விட்டது என் தப்புங்க. அது மட்டும் என் தப்பு" என்று சொல்லி நிறுத்தினாள். மிச்சத்தை அண்ணன் சொல்வான் என்றுதான் நிறுத்தினாள். அவன் கடைசி வரிசையில் இருந்தான். புனிதா முழங்கையால் இடித்தாள். அவன் கையில் இருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பூஜை போட்டுப் பெற்றவர்கள் குழியை அழித்தான் என்று ஆயுசுக்கும் சொல்வார்களே, அந்தப் பயம். அப்போதுதான் இருளாயி பின்னாலிருந்து, "கம்பெனிக்காரன் நல்லா கவனிச்சிருப்பான் போல" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அப்போதாவது எழுந்திருக்கலாம். அவன் எழுந்திருக்கவில்லை.

ஒரு தட்டுச் சோற்றைப் பிரித்துத் தின்று வளர்ந்தவர்கள், அன்றிலிருந்து பட்டறையில் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டுக்கொண்டார்கள்.

தீபாவளிக்கு மிச்சமிருந்த நாட்களில் அவள் சும்மா இருக்கவில்லை. யார் கைப்பேசியிலாவது ஏதாவது படம் தங்கியிருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். சிலர் கதவைத் திறந்தார்கள். கொஞ்சம் கிடைத்தது. அப்பா அம்மாவின் கோணல் படம் கிடைக்கவில்லை, அவள் கைப்பேசியில்கூட இல்லை. பத்திரமான இடத்தில்தான் இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாமல் விட்டிருந்தாள். கடைக்காரர்களுடைய பக்கங்களுக்கெல்லாம் இரண்டு இடத்தில் நகல் வைத்தாள், ஒன்றில் எதுவும் அழியாதபடி, காலியாகக் கண்டால் நின்று கேட்கும்படி. அப்புறம், முன்பு வேண்டாம் என்று சொன்ன பினாங்கு வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை புனிதா இலை போட்டு, அம்மாவுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் அப்பாவுக்குப் பிடித்த கடுங்காப்பியும் வைத்தாள். கைப்பேசி வைக்கிற இடத்தில், டம்ளரில் சாய்த்து, தர்மேந்திரன் அந்தச் செத்துப்போன டிஸ்க்கை வைத்திருந்தான். பொட்டைப் புதிதாக இட்டிருந்தான். கலாதேவி அதைப் பார்த்தாள். கீழே விழுந்து கும்பிட்டாள். அவன் சூடத்தட்டை நீட்டினான், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போலாம்லா" என்றான்.

"பஸ்ஸு போயிரும்ணே. மேல பெட்டி ஓடுது. அணைச்சிராதீங்க."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்தா இருளாயி வர வேண்டும்? எண்ணெய் டின்னோடு நின்று, பையையும் ஆளையும் மேலும் கீழும் பார்த்து, "என்ன தர்மா, தங்கச்சி எங்க கெளம்பிருச்சி?" என்று அவனைத்தான் கேட்டாள். கலாதேவி சிலிப்பரை மாட்டியபடி, குனிந்தவள் குனிந்தவாக்கில் நின்றாள். தர்மேந்திரன் கையில் தட்டு இருந்தது, சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வேலைக்குப் போவுது" என்றான்.

அவள் ஊக்கைச் சரியாகக் குத்திக்கொண்டு நிமிர்ந்தாள். அண்ணனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இருளாயியைச் சுற்றிக்கொண்டு, மோட்டார்களுக்கு நடுவே நடந்து, சாலையில் இறங்கிப் போய்விட்டாள்.