அழுகைக்கு முன்னால்

என் மகளுக்கு மூன்று மாதமானபோது அண்ணன் சண்டே மார்க்கெட்டிலிருந்து ஒரு பச்சைக் கிலுகிலுப்பை வாங்கி வந்தார். குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்து மும்முரமாக ஆட்டினார். சத்தமே வரவில்லை. உள்ளே மணி போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அது அவருக்கு எப்படித் தெரியும்? இருபது வருடம் மில்லில் தறி ஓட்டியதில் காது ஏறக்குறைய போய்விட்டிருந்தது. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நழுவினார். பாப்பா மட்டும் அண்ணனின் முகத்தையே பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

மில்லை மூடிய பிறகு அண்ணன் எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காது மந்தம் என்பது எங்களுக்குத் தெரியும்தான். ஆனால் வேண்டியது மட்டும் கேட்கிறதோ என்று ஒரு சந்தேகமும் இருந்தது. பின்னாலிருந்து எத்தனை முறை கத்தினாலும் திரும்ப மாட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போய்விடுவார். சரியான முசுடு என்று முடிவு கட்டியிருந்தோம்.

பிரசவ விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தது. கதிர்காமத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அடுத்த திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். ஆறு மாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வாம்மா" என்று அண்ணன் தானாகவே சொன்னார். கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதெல்லாம் சரி, அவரு அந்தப் பக்கம் திரும்பியிருக்கறப்ப பாப்பா அழுதா கேக்குமா?" என்றார். எனக்கு அந்த வேலை உயிர். குழந்தையும் உயிர்தான். அந்த ஒரு வாரம் பக்கத்து அறையில் இருந்துகொண்டு பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதல் நாள் காலை முழுக்க அழுகையே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தால், அண்ணன் பாலைக் கலக்கி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அழவே இல்லையே என்று சைகையில் கேட்டேன்.

"அழணுமா? கைய வாய்கிட்ட கொண்டு போயி ரெண்டு தரம் சப்புக் கொட்டினா. இன்னும் என்னா சொல்லணும்? மில்லுல ஆறு தறிய ஒருத்தன் பாக்கணும். நூல் அறுந்தா சத்தமா போடும்? கண்ணு வெச்சிக்கினுதான் இருக்கணும்."

அழுகை வந்தால் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தவள் நான். அவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் அழுகைக்கு முன்னால் வருவதையெல்லாம் பார்த்து வைத்திருந்தார். தூக்கம் வந்தால் அவளுக்குப் புருவம் சிவக்கும். விளையாட்டு போதும் என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அப்போது நானாக இருந்தால் இன்னும் பலமாகக் கைதட்டிக் கூப்பிடுவேன். அவர் பேசாமல் விட்டுவிடுவார். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பி அவரைத் தேடுவாள்.

புதன்கிழமை அவள் தன் காதைப் பிடித்து இழுத்தாள். தறிச் சத்தத்தில் பேச முடியாத மில்லில் காதைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தமாம். அண்ணன் சட்டென்று லுங்கியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், பிறகு அசடு வழியச் சிரித்தார். "ஒண்ணுமில்ல, தூக்கம்" என்றார். நான் கேட்டால்தானே? காதுவலிதான் என்று ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினேன். அவர் விளக்கை எடுத்து இரண்டு காதையும் பார்த்துவிட்டு, "தூக்கம் வருது போலம்மா" என்றார். சொல்லி முடிப்பதற்குள் பாப்பா என் தோளில் தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் என்னைப் பார்த்து மெதுவாகத் தன் காதைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

இருந்தாலும் கணவர் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. சனிக்கிழமை மதியம் அண்ணன் பாயில் முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பின்னால் படுத்திருந்த பாப்பா சிணுங்கினாள். அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சிணுங்கினாள். கதவிடுக்கில் நின்ற நான் ஓடிப்போய்த் தூக்க ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அவள் சட்டென்று நிறுத்தினாள். அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முக்கி முனகிப் புரண்டு, கையை நீட்டி லுங்கியைப் பிடித்து இழுத்தாள். "என்னாம்மா?" என்று அவர் திரும்பி அள்ளிக்கொண்டார். அவர் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தாளோ இல்லையோ, தெருவுக்கே கேட்கும்படி அழ ஆரம்பித்தாள். யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று ஆறு மாதத்தில் தெரிந்து வைத்திருந்தாள். எத்தனையோ வருடம் அவர் முதுகைப் பார்த்துக் கத்திய எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அவளுக்கு ஐந்து வயது. மாமாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நேரே தோட்டத்துக்குப் போனார். அங்கே பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணனின் தோளைத் தொட்டார். அவர் திரும்பும் வரை காத்திருந்து, கத்தாமல், "திங்கக்கிழமைலேர்ந்து பாப்பா உங்க பொறுப்பு மச்சான்" என்றார்.

அண்ணன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"மொகத்தப் பாத்து சொன்னா எல்லாம் கேக்குது மாப்ள" என்றார்.