இரண்டு சீட்டு, ஒரே மாத்திரை

கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். இரும்பு ஆலைத் தொழிலாளி கன்னியப்பன் மூன்றாவது முறையாகச் சர்க்கரை குறைந்து, மயங்கி வந்தார். கண் விழித்ததும் திட்டினேன்.

"சாப்பிடாம சுகர் மாத்திரை போட்டுக்கினு, எங்கள இன்னாத்துக்குப் பேஜார் பண்றீங்க?"

"சாப்ட்டுதாம்மா போட்டேன்."

நான் நம்பவில்லை. அவர் மனைவி, "பொன்னேரி ஆஸ்பத்திரி மாத்திரயும் சாப்புடுறாரும்மா" என்றார்.

அவர்கள் சம்மதத்துடன் அங்கே போன் செய்தேன். அங்கிருந்த நர்ஸ் தங்களிடம் இருந்த சீட்டைப் படிக்க, எங்கள் சீட்டோடு ஒப்பிட்டேன். ஒரே மருந்தை இரண்டு ஆஸ்பத்திரியும் வேறு வேறு பெயரில் கொடுத்திருந்தோம்.

டாக்டர் ஒன்றை நிறுத்தினார். அதன்பின் கன்னியப்பன் மயங்கி வரவில்லை.

எங்கள் சீட்டில் 'சரியாகச் சாப்பிடுவதில்லை' என்று மூன்று முறை என் கையெழுத்தில் இருந்தது. அவர் சொன்னதை ஒரு முறைகூட நான் எழுதவில்லை.