ஆரோக்கியம்மாளின் டைல்

போன மாதம் முதுநகரில் ராபர்ட்டின் அடக்கத்துக்கு வந்த தட்சிணாமூர்த்தி, பந்தலில் டீயை உறிஞ்சியபடி, "எங்க கடையிலயே கேம் செஞ்ச ஆளுங்க" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

2006இல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய பிரவுசிங் சென்டரில் நானும் ராபர்ட்டும் வேலை பார்த்தோம். கூட்டமில்லாத மதியங்களில் அவன் பழைய ஓடிக் குதிக்கும் கேம் ஒன்றின் படங்களை மாற்றிக்கொண்டிருப்பான். சுவர், மரம், தண்ணீர் எல்லாமே அதில் சின்னச் சதுரங்கள், டைல் என்பான். ஒவ்வொரு பக்கமும் பதினாறு புள்ளி. ஒரு டைலை மாற்றினால் லெவலில் அது வரும் இடமெல்லாம் மாறிவிடும். ரோஸ் கலர் பூசினால் அந்த இடம் திரையில் தெரியாது.

இப்படியே தன் ஊரான முதுநகரைக் கட்டினான். கிடங்குகள், உப்பனாறு, படகுகள், கடைசியில் நீலக் கதவு வைத்த வீடு. கதவைத் தொட்டால் லெவல் முடியும். வாசற்படியில் பச்சைச் சேலையில் ஒரு பெண். அவன் அம்மா ஆரோக்கியம்மாள். சுனாமியன்று காலைப் பூசை முடிந்து மீன் வாங்கப் போனவர். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

"மூக்குக்கு ஒரே புள்ளிதான் மச்சான் மிச்சம்," என்றான். "அதுலயும் என்னைய மொறைக்குது பாரு."

பையன்கள் அந்த கேமுக்காகவே வர ஆரம்பித்தார்கள். ராபர்ட் லீவில் இருந்த ஒரு நாள் தட்சிணாமூர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

"தண்ணியில நாலு பொணத்த மிதக்க விடுப்பா. தொட்டா பத்து பாயிண்ட். சுனாமி லெவல்னு போர்டு வைக்கலாம்."

மனித உருவம் என்று இருந்த டைல் ஒன்றுதான். யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் படுக்கவைத்து ஆறு முழுக்கப் போட்டேன். நன்றாக வந்திருப்பதாகக்கூட நினைத்தேன்.

மறுநாள் ராபர்ட் உள்ளே வந்தபோது இரண்டு பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். "அதோ இன்னொரு கெழவிடா! புடி, புடி!"

அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "யாரு சார் செஞ்சது?"

"ஜாலிக்குத்தாம்ப்பா. பொம்மைக்குப் போயி மூஞ்சத் தூக்கிக்கிற?" என்றார் தட்சிணாமூர்த்தி. நான் பிரிண்டரில் சிக்காத பேப்பரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

ராபர்ட் உட்கார்ந்து அந்த டைலைத் திறந்தான்.

"தண்ணியில இருக்கறத மட்டும் எடுத்தாப் போதுமேடா," என்றேன். "படியில இருக்கறது இருக்கட்டும்."

"இருந்தா மறுபடியும் தூக்கிப் போடுவீங்க."

'போடுவாரு' என்று சொல்லவில்லை, 'போடுவீங்க' என்றுதான் சொன்னான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் பாதத்தில் ரோஸ் பூசினான், பிறகு சேலை, கடைசியாக மூக்கு. கடையிலிருந்த எட்டு கம்ப்யூட்டரிலும் அதையே செய்தான். வேறு காப்பி அவனிடம் இல்லை. ஆறு சுத்தமானது. நீலக் கதவுக்கு முன்னால் படி காலியாக இருந்தது.

அதன் பிறகும், சாகும்வரை ஆறு வருடம், என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டான். ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பந்தலில் தட்சிணாமூர்த்தி என் தோளில் கை போட்டார். "ஒரு கெழவி மெதக்குமே, அது இவரு கைவண்ணம். இல்லப்பா?"

ராபர்ட்டின் மனைவி பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கிற விஷயம் என்று நினைத்தாளோ என்னவோ, அழுத முகத்தோடு லேசாகச் சிரித்தாள்.

நான் தலையாட்டினேன்.