அம்மா பெயர்த்த தரை

எங்கள் வீட்டுச் சமையலறைக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை தரை போடப்பட்டது. முதல் தரையை அத்தை தேர்ந்தெடுத்தாள், இரண்டாவதை அம்மா. இரண்டுக்கும் நடுவே அப்பா இருந்தார். இருந்தார் என்பதற்குச் சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் அது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மரக்காணத்தில் அப்பா சில உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அம்மாவும் விடியற்காலையில் அவரோடு பாத்தியில் இறங்கிவிடுவாள். கூரை வீட்டைப் பிரித்துவிட்டு, தளம் போட்ட வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வாசல் எந்தப் பக்கம் என்பதைச் சித்தப்பா முடிவு செய்தார். பூஜை மூலையை வானூர் ஜோசியர் குறித்துக் கொடுத்தார். சுவருக்கு ரோஸ் நிறம் என்பது பெயிண்டரின் முடிவு. அவரிடம் அதுதான் மிச்சம் இருந்தது. எல்லாவற்றுக்கும் அம்மா சரி என்றாள். சமையலறைத் தரை என்று பேச்சு வந்தபோது மட்டும், "அத நான் பாத்து எடுக்கறேன்" என்றாள். யாரும் மறுத்துப் பேசாததால் சம்மதம் என்று நினைத்துக்கொண்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பாண்டியில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. கெட்டவள் இல்லை, கை நிறையக் கொடுப்பாள், வாய் நிறையச் சொல்லிக்காட்டுவாள், அவ்வளவுதான். வீடு கட்டுகிற சேதி எட்டியதும், "தம்பி வூட்டு சமையக்கட்டு டைல்ஸ் என்னோட சீரு" என்று அறிவித்துவிட்டாள். சீர் என்று வந்துவிட்டால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் வீட்டுச் சமையலறைத் தரை வெள்ளை வெளேரென்று இருக்கும். குனிந்தால் முகம் தெரியும். போகும்போதெல்லாம் நான் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு பல்லை இளித்துப் பார்ப்பேன். உண்மையைச் சொன்னால், நான் அப்போது அத்தை கட்சி.

அம்மாவின் கட்சி வேறு. உப்பளத்தில் இறங்குகிறவர்கள் வீட்டில் உப்பு இல்லாத இடமே கிடையாது. புடவை ஓரத்தில் இருக்கும், பாத வெடிப்பில் இருக்கும், பாய்க்கு அடியில்கூட இருக்கும். காலோடு வந்து தரையில் உதிர்கிற உப்பு சும்மா கிடக்காது. சாயங்காலம் கடல்காற்று திரும்பியதும் கசிந்து தண்ணீர் விடும். பழைய வீட்டு மண்தரை அதைக் குடித்துவிடும். பளபளப்பான தரை குடிக்காது, மேலேயே வைத்திருக்கும். அந்த ஈரத்தின் மேல் கொதிக்கிற கஞ்சிப்பானையைத் தூக்கிக்கொண்டு தினமும் நடக்கப்போகிறவள் அம்மா. அவளுக்கு வேண்டியதெல்லாம் கால் நிற்கிற ஒரு தரை.

பாண்டிக்குப் பஸ் ஏறிப் போனோம். கடை வாசலிலேயே அத்தை காத்திருந்தாள். ஏசி போட்ட பெரிய கடை. அம்மா நுழைந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, சாய்த்து வைத்திருந்த டைல்ஸில் ஒன்றைக் கீழே படுக்க வைத்து, அதன்மேல் ஊற்றினாள். பிறகு ஏறி நின்று குதிகாலால் தேய்த்தாள். கடைப்பையன் ஓடிவந்தான்.

"அம்மா, அம்மா, டிஸ்ப்ளே பீஸும்மா! மிதிக்காதீங்க!"

"மிதிக்கத்தானப்பா விக்கிறீங்க?"

அம்மா ஒவ்வொன்றாக மிதித்துக்கொண்டே போய், கடைசி வரிசையில், சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்த ஒன்றின்மேல் நின்றுவிட்டாள். தண்ணீர் ஊற்றியும் கால் அசையவில்லை. மஞ்சள் கறை பிடித்தாலும் தெரியாது, பாத்திரம் விழுந்தாலும் தாங்கும், தேய்த்துக் கழுவலாம். "இதான்" என்றாள்.

அத்தை எட்டிப்பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏண்டி, இது காரு நிறுத்துற எடத்துல போடுற கல்லு. சொந்தக்காரங்க வந்து பாத்தா நான் இன்னா பதில் சொல்றது? இத பாரு, மொகம் தெரியுது."

"மொகம் பாக்கக் கண்ணாடி இருக்குது அண்ணி."

அத்தையின் சிரிப்பு நின்றது. இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கடைக்காரரிடம் ஏசி எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வெள்ளை டைல்ஸுக்கு பில் போட்டாயிற்று. திரும்பி வரும் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "நான் அந்தத் தரையில ஏற மாட்டேன்." வழக்கமான கோபம் என்று நானும் அப்பாவும் நினைத்தோம்.

ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு நல்ல நாள் பார்த்துவிட்டார்கள். நாள் நெருங்க நெருங்க, மேஸ்திரி ராவும் பகலுமாக டைல்ஸ் ஒட்டினார். எங்கள் ஊரில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, அத்தனை உப்பு. கட்டட வேலைக்கும் நல்ல தண்ணீர்தான் டிரம்மில் கொண்டுவருவது. ஆனால் அந்த வாரம் வந்த நல்ல தண்ணீரையெல்லாம் விருந்துச் சமையலுக்கென்று சித்தப்பா மூடி வைத்துவிட்டார். பிரியாணிக்கு ஆனதுபோக சிமெண்டுக்கு மிஞ்சியது போர் தண்ணீர்தான்.

கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சுகிற நேரம் வந்தது. பட்டுப்புடவை கட்டிய அம்மா சமையலறை வாசற்படியோடு நின்றுகொண்டாள். அப்பா கூப்பிட்டார், சித்தப்பா கூப்பிட்டார், ஐயரும் கூப்பிட்டார். "எனக்குத் தரை புடிக்கல. புடிக்காத எடத்துல பால் காய்ச்ச மாட்டேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். ஐயருக்கு மந்திரம் மறந்துபோனது. கடைசியில் நாத்தனார் முறைக்கு அத்தையே பால் காய்ச்சினாள். பால் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. அதன்மேல் ஈரக்காலோடு பாதி ஊர் போய் வந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். ஒரே ஒரு ஆள் விழுந்தால் போதும், அம்மா ஜெயித்துவிடுவாள். கட்சி மாறிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பெரிய உடம்புக்காரரான சித்தப்பாமேல் ரொம்பவும் நம்பிக்கை வைத்திருந்தேன். ஏமாற்றிவிட்டார். ஒருத்தரும் விழவில்லை.

அத்தை தோட்டத்துக்கே வந்து கேட்டாள். "பாத்தியாடி? யாருனா வழுக்கி வுழுந்தாங்களா?"

அம்மா மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "யாருனா வுழுந்தாத்தான் நான் சொல்றது நெசமா, அண்ணி?"

அன்றிலிருந்து அந்தச் செங்கல் அடுப்புதான். புது வீட்டில் மேடை போட்ட சமையலறை வெள்ளையாகச் சும்மா கிடக்க, அம்மா தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து சமைத்தாள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்றுகூட ஒருத்தி சொன்னாள். "ஆமா, புடிச்சிருக்குது. உன் வூட்டுக்கும் அனுப்பட்டா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள் அம்மா. மீன்குழம்பு மட்டும் முன்னைவிட ருசியாக இருந்தது. அதை வெளியே சொல்ல அப்பாவுக்குப் பயம்.

ஐப்பசி பிறந்து மழை வந்தது. அப்பா உப்புக் குவியலை மூடுகிற தார்ப்பாயைக் கொண்டுவந்து அடுப்புக்கு மேல் கட்டினார். பிறகு உள்ளே போய் ரேடியோ கேட்டார். அவர் யார் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

தீபாவளிக்கு முந்தின வாரம், மழை விட்ட ஒரு காலையில், சமையலறையிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பாத்தி வரப்பை வெட்டுகிறபோது எடுத்துப்போகும் கடப்பாரையோடு அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். டைல்ஸின் ஓரத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். உடைந்து தெறிக்கும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுட்ட அப்பளம்போல முழுசாகக் கையில் வந்தது. அடுத்ததும் வந்தது. அடியில் சிமெண்டு வெள்ளையாகப் பூத்து மாவாக உதிர்ந்தது.

அப்பா பின்னால் வந்து நின்றார். ஒரு பிடி சிமெண்டை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போர் தண்ணியில கொழச்சிட்டான் மேஸ்திரி. புடிக்கவே இல்ல பாரு. நல்லதாப் போச்சு. டைல்ஸ் ஒட்டல, தானா பேந்துகிச்சின்னு அக்காகிட்ட சொல்லிடுறேன். யாருக்கும் வருத்தம் இல்ல."

அம்மா கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. நான்தான் பேத்தேன்னு சொல்லுங்க."

"எதுக்கும்மா வீணா சண்ட? அதுவாத்தான பேந்துகினு வருது?"

"அதுவா வரல. நான் பேத்தேன். கெட்டியா ஒட்டியிருந்தாலும் பேத்திருப்பேன். அதையும் சேத்துச் சொல்லுங்க."

அப்பா கையிலிருந்த சிமெண்டை உதறினார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய், ஒரு ரூபாய் போனில் அத்தையைக் கூப்பிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னார். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்ட பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தீபாவளிக்கு அத்தை வரவில்லை. வருடா வருடம் அவள் எடுத்துவரும் பட்டுப்பாவாடையும் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. சமையலறையில் சாம்பல் நிறக் கல் பதித்தாயிற்று, இந்த முறை நல்ல தண்ணீரில். அம்மா அதில் கஞ்சிப்பானையோடு, கீழே பார்க்காமல், போய் வந்துகொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கையில் கிடைத்த ஒரு நல்ல சாக்கை யாராவது தூக்கி எறிவார்களா?

"ஒட்டலன்னு சொல்லியிருந்தா அத்தை வந்திருக்கும்ல?" என்று கேட்டேன்.

"வந்திருக்கும்" என்றாள் அம்மா. "வந்து, அதே டைல்ஸ கெட்டியா ஒட்டச் சொல்லியிருக்கும்."

அவள் தரையைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.