கரியடுப்பு வைத்த அறை

சித்தப்பா ஊட்டியில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். வாயு மூலக்கூறுகள் எப்படிச் சுழல்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. காற்றை உறிஞ்சி எடுத்த உலோகக் குழாய்க்குள் துளி வாயுவை விட்டு நுண்ணலையைச் செலுத்துவார். எந்த அலையை வாயு விழுங்குகிறது என்பதிலிருந்து அதன் சுழற்சி தெரியும். அந்த வருடம் குழாய்க்குள் இருந்தது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கரி கனலும்போது வருவதும் அதுதான் என்று எனக்குச் சொல்லியிருந்தார். எனக்கு எட்டு வயது. கல்லூரியில் இருப்பதும் அடுப்பில் இருப்பதும் ஒன்று என்று நான் நம்பவில்லை.

டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவுக்கு அக்கா. ஹீட்டரின் சூடு போதவில்லை என்று மறுநாள் காலையிலேயே கரியடுப்பைத் தன் அறைக்குள் வைக்கச் சொன்னார்.

"உள்ள வேண்டாமுங்க அக்கா. ஆளைக் கொன்னுபோடும்," என்றார் சித்தப்பா.

"கண்ணுக்குத் தெரியாதது சுத்துறதை எண்ணத்தான் உனக்குச் சம்பளம். போய் எண்ணு. எனக்கு ஊட்டுக்குள்ளயே வெடவெடங்குது."

சித்தப்பா சிரித்துவிட்டார். குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற இரண்டு நாளாகப் பம்பு ஓடியிருந்தது. அன்று அளவெடுக்க வேண்டும். வாதாட நேரமில்லை. ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்தார். யாரும் மூடாமல் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மதியம் மூடுபனி அறைக்குள் வந்தது. "அதைச் சாத்து சாமி," என்றார் அத்தை, கம்பளிக்குள்ளிருந்து. சாத்தினேன். கொண்டியும் போட்டேன்.

மூன்று மணிக்கு எட்டிப் பார்த்தபோது அத்தையின் கன்னங்கள் சிவந்திருந்தன. குளிர் விட்டுவிட்டது, நன்றாகத் தூங்குகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். எழுப்ப வேண்டாம் என்றார் அம்மா. ஐந்து மணிக்கு டீயுடன் போனவர், தொட்டுப் பார்த்துவிட்டு அலறினார்.

போன் செய்ததும் சித்தப்பா வந்தார். முதலில் ஜன்னலருகே போனார். கொண்டியை நீக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை, அத்தையின் உடலை வாங்கக் காத்திருந்த ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய கணவர் கேட்டார்: "அந்தக் காத்தைப் பத்தியே படிச்சவருங்க நீங்க. ஒரு ஜன்னலைத் திறந்து வெக்கத் தெரியலீங்களா?"

"நாந்தானுங்க மாமா சாத்துனேன். திறக்க மறந்துபோட்டுக் காலேஜுக்குப் போயிட்டேன்."

மாமா அதன்பிறகு சித்தப்பாவோடு பேசவில்லை. அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் சித்தப்பாவுக்கு அழைப்பு வந்ததில்லை.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் திறந்துவைத்ததைப் பார்த்தவள் நான். இத்தனை பேர் முன்னால் சித்தப்பா பொய் சொல்கிறார் என்று அம்மாவிடம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினார். எதற்குப் பொத்துகிறார் என்று தெரியாமல் அந்தக் கையைக் கடித்தேன்.